ஆறடித் தொட்டியும் பத்து வாளித் தண்ணீரும்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். பாளையங்கோட்டை கே.டி.சி. நகர் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. மாடி ஹாலில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி வைக்க ஆசை. அரோவானா ஒன்று, ஆஸ்கர் நாலு, கோல்டுஃபிஷ் இருபது, டேங்க் கிளீனர் இரண்டு விடலாம் என்று நினைக்கிறேன். தொட்டி இறக்கிய அன்றைக்கே மீனும் விட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். வாடகை வீட்டில் இரண்டடித் தொட்டி வைத்திருந்தோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கழுவிச் சுத்தமாகத்தான் வைத்திருந்தோம், அப்படியும் மீன் தங்கவில்லை. போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கிற தாதுப்பொருட்களின் அளவு) 900 காட்டுகிறது, ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மாடி தாங்குமா, எந்த ஃபில்டர் நல்லது, ஊருக்குப் போனால் என்ன செய்வது? பாபநாசம் பக்கம் ஆற்று மீன் பிடித்து வளர்க்கலாமா? அப்பா வாஸ்துவும் கேட்கச் சொன்னார்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி, பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதுதான். என்னைக் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பால் காய்ச்சி, டைல்ஸ் ஒட்டி, சோபாவெல்லாம் போட்ட பிறகு, காலியாகக் கிடக்கிற ஒரு சுவரைக் காட்டி 'இங்க ஒரு தொட்டி வச்சிரலாமா' என்று கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நீங்கள் யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் 24 கன அடி, ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், மொத்தம் 680 லிட்டர். மணல், கல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் கழித்தால் கிட்டத்தட்ட 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாரத்துக்குக் கால்வாசி மாற்ற வேண்டும், அது 150 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியில் பத்து வாளி கீழே இறக்கி, பத்து வாளி மேலே ஏற்ற வேண்டும். முதல் மாதம் உற்சாகமாகச் செய்வீர்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடு வரும், அடுத்த ஞாயிறு இடுப்பு வலிக்கும், மூன்றாவது வாரம் 'தண்ணி தெளிவாத்தானே இருக்கு' என்று தோன்றும். பெரிய தொட்டிகள் பாழாவது பெரும்பாலும் நோயாலோ மருந்தாலோ இல்லை, இந்த வாளியால்தான். அதனால் மீனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பிளம்பரைப் பிடியுங்கள்.

தொட்டி நிற்கப்போகும் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு இஞ்ச் பிவிசி பைப் ஒன்றை வெளியே எடுத்து, கீழே தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள், உள்பக்கம் ஒரு மூடி போட்டால் போதும். தண்ணீர் மாற்றும்போது சைஃபன் ஹோஸின் ஒரு முனை தொட்டியில், மறு முனை அந்தப் பைப்பில். வாழைக்கும் முருங்கைக்கும் இந்தத் தண்ணீர் நல்ல உரம், நைட்ரேட் நிறைய இருக்கும். அதே சுவரில் அரை இஞ்சில் ஒரு குழாயும் வையுங்கள். இந்த இரண்டும் இருந்தால் அரை மணி நேர வேலை, இல்லாவிட்டால் அரை நாள். செலவு இப்போது மிகக் குறைவு, டைல்ஸ் ஒட்டிய பிறகு உடைத்து வைக்கிற செலவைக் கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. மொட்டை மாடி சின்டெக்ஸிலிருந்து வரும் குழாயை நம்ம ஊர் சித்திரை மதியத்தில் திறந்தால் கை சுடும், அதை அப்படியே தொட்டியில் விட்டால் மீன் அடுத்த அரை மணியில் பக்கவாட்டில் சாயும். தண்ணீர் மாற்றுவதை விடிகாலை வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சின்டெக்ஸைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரமும், கொசுப்புழுவுக்கு அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போன வாரமும் அந்தத் தண்ணீர் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. சாதாரண நாளிலும் மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் போட்டு ஒருநாள் வைத்தாலே போய்விடும், அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட், கடையில் ஹைப்போ என்று கேளுங்கள், 100 லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்தால் தாராளம்.

மாடி தாங்குமா என்று கேட்டீர்கள். தண்ணீர் 600 கிலோ, 12 மில்லி மீட்டர் கண்ணாடி 120 கிலோ, மணலும் கல்லும் ஸ்டாண்டும் சேர்த்தால் ஒரு டன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் 12 சதுர அடிக்குள். வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகப் போடுகிற கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோதான். இதற்காகத் தளம் உடனே இடிந்து விழும் என்று அர்த்தமில்லை, சுமை பக்கத்து இடத்துக்கும் பரவும், ஆனால் ஹாலின் நடுவில், கீழே சுவரோ பீமோ இல்லாத இடத்தில், ரூமைப் பிரிக்கிற தடுப்பு மாதிரி வைக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி, கம்பி கட்டிய இன்ஜினியரிடம் 'ஒரு டன்' என்ற வார்த்தையைச் சொல்லி, அவர் வரைபடத்தைப் பார்த்துச் சரி என்ற பிறகு வையுங்கள். தரைத்தளத்தில் வைக்க மனசு வந்தால் இந்தத் தலைவலியே கிடையாது, எனக்கும் அதுதான் இஷ்டம். அப்பாவிடம் சொல்லுங்கள், வாஸ்து எனக்குத் தெரியாது. ஈசானிய மூலையில் பீம் இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம், இரண்டு பேருக்கும் சந்தோஷம். மேற்குச் சுவர் மட்டும் வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டே இருக்கும்.

கண்ணாடி 12 மில்லிக்குக் குறையவே கூடாது, மேல்விளிம்பில் நீளவாக்கில் பட்டியும் நடுவில் குறுக்குப் பட்டியும் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்டு மட்டம் பார்த்து, மேலே தெர்மாகோல் விரித்து, அதன்மேல் தொட்டி. சிலிக்கான் ஒரு வாரம் காய வேண்டும், அப்புறம் வெறும் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பிளக் பாயின்ட் தொட்டியின் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி இருந்தால் அதில் வழிகிற சொட்டு பிளக்குக்குள் போகாது. அந்த லைனுக்கு, கரண்டு கசிந்தால் தானாகவே துண்டித்துவிடுகிற ஆர்சிசிபி கட்டாயம், சிக்கனம் பார்க்கிற இடம் இதுவல்ல.

இனி உங்கள் பழைய தொட்டி. சுத்தமாகத்தான் வைத்திருந்தோம், அப்படியும் மீன் தங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, மீன் செத்ததே அந்தச் சுத்தத்தால்தான்.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும், அது மீனுக்கு விஷம். மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வளர்கிற ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது அளவோடு இருந்தால் பெரிய கெடுதல் இல்லை, வாரா வாரம் தண்ணீர் மாற்றுவது அதை வெளியேற்றத்தான். இந்தப் பாக்டீரியாக் கூட்டம் சேர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீனை வாளியில் போட்டுவிட்டு, மணலைக் குழாயடியில் அலசி, பஞ்சைப் பிழிந்து வெயிலில் காயவைத்து, கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பினீர்கள் இல்லையா? ஒவ்வொரு தடவையும் அந்தக் கூட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். கழுவின அன்றைக்குத் தொட்டி பளபளவென்று இருக்கும். இரண்டாம் நாள் மீன் தீனி எடுக்காது, மூன்றாம் நாள் மேலே வந்து வாயைப் பிளக்கும், செவுளின் ஓரம் சிவக்கும். கடைக்காரர் நீல மருந்து கொடுத்திருப்பார், நோய் என்று நினைத்து நீங்களும் ஊற்றியிருப்பீர்கள்.

ஆகவே அன்றைக்கே மீன் விடுகிறேன் என்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனியைப் போட்டு வெறும் தொட்டியாகவே ஒரு மாதம் வையுங்கள். வீட்டில் கேலி செய்வார்கள், பரவாயில்லை. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத, ஓடுகிற தொட்டி இருந்தால் அந்த ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் போட்டால் காத்திருக்கும் நாள் பாதியாகக் குறையலாம். சொட்டு மருந்து ஊற்றிப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, இரண்டுமே பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். அதற்கும் பிறகு மீன்களை நாலைந்தாக, வாரம் விட்டு வாரம் இறக்க வேண்டும்.

பஞ்சைக் கழுவக் கூடாதா என்றால், கழுவலாம். தண்ணீர் மாற்றும்போது எடுக்கிற தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் வைத்து இரண்டு பிழி பிழிந்தால் போதும், குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள், சோப்பை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

ஃபில்டர் என்ன என்று கேட்டால் உங்கள் அளவுத் தொட்டிக்கு நான் சொல்வது சம்ப் ஃபில்டர், ஸ்டாண்டுக்குள் கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி வைத்து, மேலிருந்து வழியும் தண்ணீர் பஞ்சு, செராமிக் வளையம் எல்லாம் கடந்து பம்ப் வழியாக மேலே திரும்புவது. மணிக்கு 3000 லிட்டர் தள்ளுகிற பம்ப் போதும். மூடிய டப்பாவுக்குள் பஞ்சு வைத்து ஓடுகிற கேனிஸ்டர் ஃபில்டரும் நல்லதுதான், திறந்து மூடச் சோம்பல் வரும், அவ்வளவே. சம்ப்பில் ஒன்றைக் கவனியுங்கள். கரண்டு போனதும் மேல்தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே வரும். அதைத் தாங்க கீழ்த்தொட்டியில் காலி இடம் இல்லையென்றால் ஹால் முழுக்க வெள்ளம். முதல்நாளே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, எது வரைக்கும் ஏறுகிறதோ அதற்குத் தகுந்தபடி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேல் என்றைக்கும் நிரப்பாதீர்கள்.

கரண்டு என்றதும் 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வருகிறது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த தெருக்களில், மீன் நெருக்கமாக இருந்த தொட்டிகள் முதல் ராத்திரியே போய்விட்டன, மீன் குறைவாக இருந்தவை தாக்குப்பிடித்தன. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்ப் லைனை மட்டும் அதில் கொடுங்கள், லைட் வேண்டாம். கரண்டு இல்லாத நாளில் தீனி போடவே கூடாது. மின்சாரச் செலவையும் சொல்லிவிடுகிறேன்: 40 வாட் பம்ப், எட்டு மணி நேரம் 50 வாட் லைட், ஏர் பம்ப், எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் வரும். இலவச நூறு யூனிட்டை மீனே தின்றுவிடும்.

சரி, மீனுக்கு வருவோம். நீங்கள் எழுதியிருக்கிற பட்டியலை ஒரே தொட்டியில் விட்டால் ஆஸ்கர் கோல்டுஃபிஷ்களைப் பிய்த்துத் தின்னும், மிச்சத்தை அரோவானா பார்த்துக்கொள்ளும். கோல்டுஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன் வேறு. நம்ம ஊர் கோடையில் வீட்டுக்குள் தண்ணீர் 31, 32 டிகிரி போகும், சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைகிற ஆக்சிஜனும் குறையும். வேண்டாம். அரோவானா கடையில் விரல் நீளத்தில் அழகாக இருக்கும், சில்வர் அரோவானா இரண்டு வருஷத்தில் இரண்டடியைத் தொடும், இரண்டடி அகலத் தொட்டியில் அது திரும்புவதே கஷ்டம், மூடி கொஞ்சம் திறந்திருந்தால் துள்ளித் தரையில் கிடக்கும். டேங்க் கிளீனர் அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும் என்பது கடைப் பேச்சு. பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழிவு போடும், ஒன்றரை அடி வரை வளரும். வளர்ந்த பிறகு எங்கே விடுவது என்று தெரியாமல் பாளையங்கால்வாயிலோ வேய்ந்தான்குளத்திலோ கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த மீன் இப்போதே பரவிக் கிடக்கிறது, முள்ளும் தகடுமாக இருப்பதால் வலையைக் கிழிக்கும், சந்தையில் விலையும் போகாது.

உங்கள் கையில் என்ன தண்ணீர் இருக்கிறதோ அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதுதான் லாபம். டிடிஎஸ் 900 என்பதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, அது வெறும் உப்பாகவும் இருக்கலாம், சுண்ணாம்பாகவும் இருக்கலாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள், கூடவே கடினத்தன்மையும் பிஎச்சும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். சுண்ணாம்புத் தண்ணீர், பிஎச் 8 பக்கம் என்றால் மலாவி ஏரியின் சிக்லிட் மீன்கள் அதில் ராஜாவாக இருக்கும். மஞ்சளும் நீலமுமாக, கடல்மீன் மாதிரி நிறம். சண்டைக்கார ஜாதி, அதனால் நாலைந்து வாங்கினால் ஒன்றையொன்று விரட்டிக் கொல்லும், சின்னதாக 25 வாங்கி, கல்லை அடுக்கிப் பொந்து பொந்தாகக் கட்டிவிட்டால் அடங்கும். தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் இதற்குப் பொருத்தம். மற்ற தொட்டிகளுக்கு அந்தக் கல்லும் ஆகாது, திருச்செந்தூரில் பொறுக்கின சிப்பியும் ஆகாது, தண்ணீரின் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகும். சந்தேகமான கல்லில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. மணலுக்கு எம்-சாண்ட் வேண்டாம், தூசியும் கூர் முனையுமாக இருக்கும்.

ஆற்றுத் தண்ணீரே போதுமான அளவு கிடைக்கும் என்றால் ஏஞ்சல், ரெயின்போ, கவுராமி என்று சாதுவான மீன்களாகப் பாருங்கள், இரண்டடி உயரத்துக்கு ஏஞ்சல் அருமையாக இருக்கும். ஆஸ்கர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு ஜோடி, வேறு எதுவும் இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள், இந்த வாரம் ஆற்றுத் தண்ணீர், குழாயில் வராத அடுத்த வாரம் போர் தண்ணீர் என்று மாற்றி மாற்றி விடாதீர்கள். கடினமான தண்ணீரில் பழகிய மீன் பிழைத்துக்கொள்ளும், தண்ணீர் வாரத்துக்கு ஒரு மாதிரி மாறினால் எந்த மீனும் தாங்காது. வெயிலில் ஆவியாகிக் குறைகிற தண்ணீரை மட்டும் ஆற்றுத் தண்ணீரால் ஈடுகட்டுங்கள், ஆவியில் உப்பு போகாது, தொட்டியிலேயே தங்கிவிடும். பிஎச் அதிகமான தண்ணீரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனாலே அம்மோனியாவில் விஷமாக இருக்கிற பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும், சூடும் சேர்ந்தால் இன்னும் கூடும், அதனால் போர் தண்ணீர்த் தொட்டியில் தீனியில் கை தாராளமாக இருக்கவே கூடாது. இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, வாரத்தில் ஒருநாள் பட்டினி.

ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரின் மேல்பரப்பில் படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூடிக்குப் பதில் கொசுவலை அடித்த சட்டம் போதும்.

பாபநாசம் மீன் விஷயம். அந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே மீன் பிடிப்பது குற்றம். அதோடு தாமிரபரணிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அங்கே இருக்கின்றன. டாக்கின்சியா தம்பரபர்ணியை என்று ஆற்றின் பெயரையே வைத்திருக்கிற ஒரு கெண்டை வகை, மீன் ஆராய்ச்சியாளர் ஈ.ஜி. சைலஸ் 1954-இல் விவரித்தது, ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீண்டு நிற்கும், அழகு என்றால் அவ்வளவு அழகு. இன்றைக்கு அழிவை எதிர்கொள்கிற இனம். பார்க்க ஆசை என்றால் ஆற்றங்கரையில் நின்று பாருங்கள். நம் நாட்டு மீன்தான் வளர்க்க வேண்டும் என்றால் பண்ணையில் குஞ்சு பொரித்த பார்ப் வகைகள் கிடைக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். மிஸ் கேரளா என்று சிவப்புக் கோடு போட்ட மீனைக் காட்டுவார்கள், அது குளிர்ந்த ஓடைத் தண்ணீர் கேட்கும், நம்ம ஊர் ஹாலில் சங்கடப்படும்.

எந்த மீன் வாங்கினாலும் நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், சும்மா கிடக்கிற உங்கள் இரண்டடித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பாருங்கள், ரவை தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி வருவதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். 600 லிட்டருக்கு மருந்து போடுவதைவிட 60 லிட்டருக்குப் போடுவது சுலபம்.

ஊருக்குப் போவது பற்றிக் கவலையே வேண்டாம், நன்றாகத் தின்று வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. கிளம்புவதற்கு முந்தின நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு, லைட்டை அணைத்துவிட்டுப் போங்கள். பத்து நாளுக்கு மேல் என்றால்தான் பக்கத்து வீட்டு உதவி தேவைப்படும், அப்போதும் தீனி டப்பாவைக் கையில் கொடுக்காதீர்கள், பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். தாளில் பொட்டலம் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி, டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.